பச்சடியில் இல்லாத அன்னாசி

சமையல் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஒரு குறிப்பைத் தன் வீட்டு அடுப்பில் செய்து பார்க்க, ஒரு மனிதன் எத்தனை பேரிடம் அனுமதி பெற வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு அருகே, மீனும் காய்கறியும் பழமும் விற்கும் ஈரச்சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர். ஒரு சனிக்கிழமை காலை நான் தேர்ந்தெடுத்த அன்னாசியை அவர் தோல் சீவி, கண்களைச் சுற்றுச் சுற்றாகச் செதுக்கி எடுத்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்திருக்கலாம். நானோ, "ரொம்பப் புளிக்காதே, அங்கிள்? என் மனைவிக்காக வாங்குகிறேன், அவள் கர்ப்பமாக இருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். அவருடைய கை மேசையைத் தாண்டி நீண்டு, என் பையை என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டது.

"வைஃப் பிரெக்னன்ட் ஆ? கேனாட் லா! திஸ் ஒன் கேனாட்!"

சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். "டாக்டர் யங் ஆர் ஓல்ட்?" என்று கேட்டார். "யங்" என்றேன். "ஹா!" என்றார், வழக்கு அத்துடன் முடிந்தது என்பதுபோல. பக்கத்துக் கடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணியிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பேபி கம் அவுட் ஆல்ரெடி, யு கம் பேக். ஐ கிவ் யு ஸ்வீட் ஒன்" என்று பெரியவர் ஆறுதல் சொன்னார். பிள்ளை பிறந்த பிறகு வா, இனிப்பானதாகத் தருகிறேன் என்பது அவர் வாக்குறுதி.

நான் வாதாடவில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் காரணம். அதே கடையில், பழத்துக்குப் பதிலாகப் புளிப்பான இரண்டு மாங்காய்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்று தெரியும். கர்ப்பிணிக்குப் பப்பாளியும் அன்னாசியும் ஆகாது என்பது திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டிலும் அப்படியே செல்லுபடியாகும். ஆனால் வெளிநாடு வந்தவன் ஒரு கணக்குப் போட்டிருப்பான்: நம் அச்சங்கள் நம் மொழியில் இருப்பவை, மொழி தெரியாத ஊரில் அவை தாமாக உதிர்ந்துவிடும் என்று. இங்கே சீனர்கள் புதுவீடு புகும்போது வாசலில் அன்னாசியை உருட்டிவிடுகிறார்கள், அதிர்ஷ்டம் உள்ளே வரட்டும் என்று. அதே பழம் ஒரு கர்ப்பிணியின் தட்டை நெருங்கும்போது மட்டும், என் அக்காவும் அந்தப் பழக்கடைக்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்த நாட்டோடு எனக்குக் கிடைத்த முதல் முழுமையான உடன்பாடு ஒரு பயத்தில் அமைந்ததை எண்ணிக்கொண்டே மின்தூக்கியில் ஏறினேன்.

அந்தச் சமையல் புத்தகத்தை நான்தான் வாங்கி வந்திருந்தேன். என் மனைவி சுகந்திக்கு இரண்டாம் மாதம் தொடங்கியதிலிருந்தே வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சோறு கொதிக்கும் வாசனை எழுந்தாலே எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையில் போய் நின்றுவிடுவாள். எடை இன்னும் குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ரசம், மோர்ச்சாதம், புளிச்சாதம் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் தோற்றுப்போன ஒரு மாலையில், லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் முகப்பில் இந்த நூலைப் பார்த்தேன். மனத்துக்கு இதமளிக்கும் வீட்டு உணவுகளை இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி தொகுத்து எழுதியது. எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அவளுக்குப் பிடித்துவிடாதா என்ற எண்ணத்தில் வாங்கினேன்.

நூலின் தமிழ் எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் அதன் சமையலறை வேறு. முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'பசியாற'. சமைப்பதே பசியாறத்தானே, இதற்கென்று தனி அத்தியாயம் எதற்கு என்று நினைத்தேன். இங்குள்ள தமிழர்கள் காலை உணவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது, அதிலிருந்து ஒன்றை இரவு உணவாகச் செய்து முடித்த பிறகே தெரிந்தது. கிச்சாப் என்று இவர்கள் அழைக்கும் கறுப்புச் சோயா சாற்றில் முட்டையைப் புரட்டினேன். சுகந்தி நடைபாதைக்கு ஓடினாள். இக்கான் பிலிஸ் போட்ட கஞ்சியை வைத்தேன். அது நம் நெத்திலிக் கருவாடுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் ஓடினாள். "புத்தகத்த மட்டும் குடுங்க, படிச்சுக்கறேன். படிச்சா வாந்தி வரல" என்றாள். அதன்பிறகு சன்னல் ஓரமாக உட்கார்ந்து, அதை ஒரு நாவலைப்போல நாளுக்குச் சில பக்கங்களாக வாசித்துவந்தாள்.

ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, அவள் முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். அன்னாசிப் பச்சடி. நம் ஊர்ப் பக்கத்தில் பச்சடி என்றால் பெரும்பாலும் தயிரில் வெங்காயம். இங்கே அது அடுப்பில் வெந்து வருவது. அன்னாசித் துண்டுகளை மஞ்சள், சீனி, காய்ந்த மிளகாய், பட்டை, அன்னாசிப்பூ சேர்த்துப் பாகு பிடிக்க வேகவைத்து, உலர்திராட்சை தூவி இறக்குவார்கள். கல்யாண வீட்டு இலைகளில் அதைப் பார்த்திருக்கிறேன்.

"இத செஞ்சு குடுங்க. வாய் ஊறுது" என்றாள்.

என் முகம் எப்படி மாறியதோ தெரியவில்லை. அவள் புத்தகத்தை மூடவில்லை. "இதுக்குத் தாளிக்கவே அன்னாசிப்பூ போடறாங்க பாருங்க. போன வருசம் நான் தின்ன பிரியாணியிலயும் அன்னாசிப்பூ கெடந்துச்சு. பேர்ல அன்னாசி இருக்கே, அத மட்டும் ஏன் யாருமே கேக்கல?" என்று சிரித்தாள். சிரிப்புப் பாதியில் நின்றது.

போன வருடம் எங்களுக்கு ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. செய்தி சொல்ல ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். அக்கா அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகு, "ஏம்மா, பப்பாளி, அன்னாசி எதுவும் சாப்பிட்டியா?" என்று கேட்டாள். என் அக்கா பள்ளி ஆசிரியை, அன்பானவள். அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததற்கு ஒரு காரணத்தைத் தேடினாள், அவ்வளவுதான். சுகந்தி பொய் சொல்லத் தெரியாதவள். "ஒரு துண்டு, அண்ணி. ஆபீஸ் பக்கத்துல, வெட்டி வச்சிருந்தாங்க" என்றாள். அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நாங்களும் பேசியதில்லை. பேசாத காரணத்தாலேயே அந்த ஒரு துண்டு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

என் தொழிலே அச்சத்தை அளப்பதுதான். திருச்சியில் சமூகப்பணி படித்தவன், பிழைப்புக்காகப் பணியிடப் பாதுகாப்புப் படிப்பையும் முடித்து, தஞ்சோங் பகாரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். சாரத்தில் ஆள் ஏறுவதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். விபரீதம் நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு இழப்பு? பச்சடிக்கும் அதே கணக்கைப் போட்டேன். வாய்ப்பு அநேகமாக இல்லை. இழப்போ, எங்களால் இன்னொரு முறை தாங்க முடியாதது. அந்த இரண்டையும் பெருக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கணக்கில் சேராத மூன்றாவது ஒன்றும் இருந்தது. அன்னாசி வேண்டாம் என்று நான் சொன்னால், அது இந்தக் குழந்தைக்கான எச்சரிக்கையாக மட்டும் இருக்காது. போனது அவளால்தான் போனது என்று நானும் தீர்ப்பெழுதுவதாக ஆகும். அவள் கேட்டது பச்சடியை மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும், சரி என்று சொல்ல வாய் வரவில்லை. "டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்வோமே" என்றேன்.

அடுத்த பரிசோதனையின்போது கேட்டேன். டாக்டர் இளம் சீனப் பெண். அன்னாசியைச் சீனி போட்டு வேகவைப்பது என்று நான் விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. "ஓ, பைனாப்பிள் டார்ட்! கேன், கேன். பட் டோன்ட் ஃபினிஷ் ஒன் ஹோல் பாட்டில்." பண்டிகைக்குப் புட்டியில் அடைத்து விற்கும் அன்னாசி பிஸ்கட்டைச் சொல்கிறார் என்பது எனக்குப் பிடிபடுவதற்குள், ஒரே மூச்சில் ஒரு புட்டியைக் காலி செய்யக் கூடாது என்று சர்க்கரையைப் பற்றி அறிவுரை தொடங்கிவிட்டது. பழமும் சாதாரண அளவில் தாராளமாகச் சாப்பிடலாம் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். ஆனால் பிஸ்கட்டுக்குக் கிடைத்த அனுமதி பச்சடிக்குச் செல்லுமா என்ற கேள்வி என் மனத்தை நெருடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் சுகந்தி கேட்டாள்: "கேட்டாச்சா? இன்னும் யார்ட்டக் கேக்கணும், தொகுதி எம்.பி. கிட்டயா?"

அந்தக் கிண்டலுக்குப் பிறகுதான் நான் சனிக்கிழமை சந்தைக்குப் போனதும், பழக்கடைப் பெரியவர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டதும். கட்டுமானத் தளத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஆபத்தை அகற்று. அகற்ற முடியாவிட்டால், ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. அன்னாசியின் இடத்தில் மாங்காயை வைத்தேன். மற்ற எல்லாவற்றையும் குறிப்பில் உள்ளபடியே செய்தேன். நிறம் அதே நிறம். பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்ந்து வீடெல்லாம் மணத்தது. வாசனைக்கு ஓடாமல் அவள் அடுப்பறை வாசல்வரை வந்து நின்றதே எனக்குப் பெரும் வெற்றியாகத் தெரிந்தது.

கிண்ணத்தை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் ஓசைப்படாமல் சாய்த்து வைத்தாள்.

"மாங்கா."

"புளிப்புத்தானே வேணும்னு..."

"அப்ப நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்க."

"அப்படியெல்லாம் இல்ல, சுகந்தி. எதுக்கும் ஒரு எச்சரிக்கைக்கு..."

"காலேஜ்ல பப்பாளியப் புடுங்கற மாமியாரா நடிச்சேன்னு பெருமையா சொல்வீங்களே. வேஷம் இன்னும் கலையல போல."

அது உண்மைதான். மாணவனாக இருந்தபோது மணப்பாறைப் பக்கத்து ஊர்களில் கர்ப்பிணிகளின் உணவு பற்றி நாடகம் போட்டோம். மருமகள் கையிலிருக்கும் பழுத்த பப்பாளியைத் தட்டிப் பறிக்கும் மாமியாராக நான் சேலை கட்டி நடித்தேன். கடைசிக் காட்சியில் செவிலியர் வந்து விளக்கியதும் மாமியார் மனம் திருந்திவிடுவாள். கூட்டம் கைதட்டும். மனம் திருந்துவதற்கு ஒரு மாமியாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அப்போது நாங்கள் யாருமே யோசித்ததில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் எழுதிய நாடகம் அது.

சுகந்தி அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த நாள் முழுவதும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. எச்சரிக்கைக்காக நான் செய்த காரியம், மருத்துவமனைப் படுக்கையை ஒரு நாள் அருகில் கொண்டுவந்திருந்தது. விளைவுகளை எடைபோட்டுப் பழகிய எனக்கு, அந்த விளைவு மட்டும் கண்ணில் படாமல் போயிற்று.

மறுநாள் காலை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். புக்கிட் பாத்தோக் சந்தைக்குப் போக வெட்கமாக இருந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் காய்கறிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அன்னாசியைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

"என்ன தம்பி, வீட்ல விசேஷமா?"

"இல்ல பாய், சும்மா பச்சடிக்கு."

"சும்மா யாரு லா பச்சடி செய்வா? எங்க வீட்ல நெய்ச்சோறு ஆக்குனாத்தான் செய்வாங்க. உங்க மிசஸ் ஊர்லேருந்து வந்தவங்களா? அதான், இந்த ஊர் பச்சடி ஒரு தடவ சாப்ட்டா விடமாட்டாங்க."

அவரிடம் நான் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பாரோ, தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கடத்தல் பொருளைக் கொண்டுபோகிறவனைப்போல உட்கார்ந்திருந்தேன். பழத்தின் வாசனை பெட்டியெங்கும் பரவியது. எதிரே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தபோது பையை இறுக்கிப் பிடித்தேன்.

சுகந்தி அடுப்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகத்தை வாசிக்க, நான் செய்தேன். பாகு பதம் வந்ததும் அவளே வந்து இறக்கினாள். சூடு ஆறும்வரை காத்திருந்து ஒரு துண்டு சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு, எத்தனையோ நாட்களுக்குப் பின், "கொஞ்சம் சோறு வைங்க" என்றாள். நானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பச்சடி நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நாக்கில் எதுவும் உறைக்கவில்லை. அவள் விழுங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனை வரையிலான நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்பதை விவரிக்க மாட்டேன். தளத்தில் தொலைபேசி அதிரும்போதெல்லாம் அவள் பெயர்தானா என்று முதலில் பார்த்தேன். அவள் குளியலறையில் சற்றுத் தாமதித்தால் கதவருகே போய் நின்றேன். அவளோ சாப்பிட்டாள். முதலில் பச்சடியோடு சோறு, பிறகு பச்சடி இல்லாமலும் சோறு. அறிவு ஒரு பக்கம் நின்று எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. அச்சம் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பரிசோதனை அறையில் திரையில் இதயத் துடிப்புத் தெரிந்தது. எடையும் ஏறியிருந்தது. நான் மூச்சை விட்ட நேரத்தில், சுகந்தி படுத்தபடியே டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஒரு துண்டு அன்னாசி சாப்பிட்டேன், டாக்டர். அதனாலா?"

டாக்டர் குழம்பினார். "டுடே?"

"டுடே இல்லை. போன வருடம்."

கருவியைப் பிடித்திருந்த டாக்டரின் கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கருவியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை அவள் முகத்தருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நோ" என்றார். "நத்திங் யு எய்ட். நத்திங் யு டிட்." சாப்பிட்டது எதுவும் காரணமில்லை, செய்தது எதுவும் காரணமில்லை. சுகந்தி தலையசைத்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். டாக்டர் இன்னொரு முறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை வீடியோவில் அழைப்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் அழைத்தபோது பச்சடி அடுப்பில் இருந்தது. தொலைபேசியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தேன். திரைக்குள் அக்காவின் திண்டுக்கல் அடுப்பறை. திரைக்கு வெளியே எங்கள் அடுப்பு, அதற்கப்பால் மேம்பாலத்தில் போகும் ரயில். எங்கள் வாணலியின் ஆவி எழுந்து திரையில் படிந்து, அக்காவின் முகத்தை மங்கலாக்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா கொதிக்குது? என்ன சாப்பிடறா?" என்றாள் அக்கா.

"ரசம்க்கா" என்றேன், யோசிக்காமலே.

சுகந்தி என்னைத் தாண்டி வந்து, முந்தானையால் திரையைத் துடைத்துத் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். "அன்னாசிப் பச்சடி, அண்ணி. நான்தான் கேட்டு செய்யச் சொன்னேன். போன தடவையும் அதனால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நானே கேட்டேன்."

அக்காவின் பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை.

"நான் கேட்டுருக்கக் கூடாதும்மா" என்றாள். பிறகு, "உப்பு போட்டியா? இனிப்புப் பண்டத்துக்கும் ஒரு கல்லு உப்பு போடணும்" என்றாள்.

"போடல, அண்ணி."

"போடு."

சுகந்தி போட்டாள். இரண்டு அடுப்பறைகளுக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன்.

என் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இன்றும் அவள் எதையாவது வாயில் வைக்கும்போது என் மனம் முதலில் தடுக்கத்தான் எழுகிறது. ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு, அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் நான் பதில் சொல்வதில்லை. தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.